முன்கதை விதி

பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் அந்த மாய உலக விளையாட்டை நடத்துவது அண்ணன். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு பாத்திரமும் அதற்கொரு முன்கதையும் எழுத வேண்டும். தங்கை எழுதிய தாளைப் படித்ததும் அவருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

“இரும்படிக்கிற பொண்ணு, அண்ணன் பட்டறையை விட்டுட்டு எதிர்லயே தனிப் பட்டறை போடுறாளா? காதுல பூ சுத்தாதே!”

“நெருப்பு கக்குற டிராகனை நம்புறீங்க, இதை நம்ப மாட்டீங்களாண்ணா?”

“அவளுக்கு யாரு வேலை குடுப்பா?”

“அண்ணன் பேர்ல போன கோட்டைக் கதவெல்லாம் அவ செஞ்சது. ஊருக்கே தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.”

“அதை வெட்டு. மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வந்துட்டாள்னு எழுது.”

“கேட்க மாட்டா.”

அண்ணன் விதிப்புத்தகத்தை ஓங்கித் தட்டினார். “முன்கதைன்னா ஆட்டத்துக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கணும். உன் ஆசையை எல்லாம் எழுதக் கூடாது!”

“முடிஞ்சுபோச்சுண்ணா. இன்னிக்கு உங்க பட்டறைக்கு லீவுல்ல? காலையிலேயே எதிர்த்த ஷெட்டுல என் போர்டை மாட்டிட்டேன்.”

வெல்டிங் பொறி பட்டுத் தழும்பேறிய கையால், அண்ணன் பட்டறைச் சாவியை எடுத்துப் பகடைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.



“ஆட்டத்தை ஆரம்பிக்கலாமாண்ணா?”