சின்ன மருமகளின் கொசுவலை

பட்டப்பகலில் கொசுவலைக்குள் காலை நீட்டிப் படுத்திருந்த சந்திரலேகாவைப் பார்க்கப் பார்க்க ரம்யாவுக்கு வயிறு எரிந்தது. வலையும் லேசுப்பட்ட வலையா? மாமியார் ஜெயம்மாள் கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி பஜாருக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்த புது வலை. ரோஸ் கலர். ஓரத்தில் லேஸ் வேறு.

சந்திரலேகா, ரம்யாவின் கொழுந்தன் பெண்டாட்டி. போன தை மாதம்தான் கல்யாணமாகி வந்தவள். திருக்கோவிலூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள், வந்த மறுநாளே காய்ச்சலில் விழுந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டெங்கு என்றார்கள். பயப்பட ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

அவ்வளவுதான், வீடே அவளைச் சுற்றி வந்தது. இளநீர் என்ன, மாதுளம்பழம் என்ன, நிலவேம்புக் கஷாயம் என்ன!

"நான் மஞ்சக்காமாலையில கெடந்தப்போ ஒரு எளநி சீவிக் குடுத்திருக்குமா உங்கம்மா?" என்று புருஷன் ராஜாங்கத்தைப் பிடித்துக்கொண்டாள் ரம்யா.

"ஒடம்புக்கு முடியாத பொண்ணப் பாத்தா பொறாமப்படுவாங்க? நல்லா இருக்குது போ" என்று அவன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பொறாமைதான். அது அவளுக்கே தெரியும். தெரிந்தால் மட்டும் அடங்கிவிடுமா?

வீடு வீடாய்க் கொசுப்புழு பார்க்க வரும் மலர்விழி அன்றைக்குக் காலையில் வந்திருந்தாள். தண்ணீர்த் தொட்டியில் மருந்து ஊற்றினாள், கொல்லையில் கிடந்த டயரைக் கவிழ்த்தாள், பிறகு ஜெயம்மாளை நிறுத்திவைத்து வெகுநேரம் பேசினாள். சின்ன மருமகள் புராணம்தான் ஓடுகிறது என்று ரம்யா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. மலர்விழி அந்தப் பக்கம் போனதும் ஜெயம்மாள் இந்தப் பக்கம் பஸ் ஏறிப் போய் வலையோடு திரும்பினாள்.

கட்டிலைச் சுற்றி வலையைக் கட்டி, நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் சொருகிவிட்டாள் ஜெயம்மாள். "பகல்லயும் இதுக்குள்ளயே படுத்துகினு இரு. ஓரத்தத் தூக்கி வுட்றாத. சின்னப் புள்ள இருக்கிற வூடு."

சின்னப் பிள்ளை என்றது ரம்யாவின் மகள் தேவிப்ரியாவை. அது வலையை இழுத்துக் கிழித்துவிடுமாம்! ரம்யாவுக்குச் சுருக்கென்றது.

அந்த நேரம் பார்த்துத் தேவிப்ரியா முழங்காலைச் சொறிந்துகொண்டு வந்தாள். "அம்மா, கொசு கடிக்குது."

"கடிக்கட்டும். நீ பெரிய மருமவ பெத்த புள்ளதானே, உனக்கு யாருடி வலை கட்டுவாங்க?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள் ரம்யா.

மறுநாள் ஜெயம்மாள் தூக்குவாளியோடு கரும்புக் கொல்லைக்குப் போனதும் ரம்யா கூடத்துக்கு வந்தாள். சந்திரலேகா காய்ச்சல் அசதியில் கண்ணயர்ந்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் தேவிப்ரியா சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

கால்மாட்டில் வலையின் ஓரத்தை மெல்ல உருவி, ஒரு முழத்துக்குச் சுருட்டிவிட்டாள் ரம்யா. மகாராணியையும் நாலு கொசு கடிக்கட்டும், ஒன்றும் குடி முழுகிப் போய்விடாது!

சாயங்காலம் மாமியார் வருவதற்குள் ஒன்றும் தெரியாதவள் போல மறுபடி சொருகிவிட்டாள். காய்ச்சல் விடுகிற வரைக்கும் தினமும் இதே வேலை. சந்திரலேகா காலைச் சொறிவதைப் பார்த்த பிறகுதான் ரம்யாவுக்குச் சோறே இறங்கியது.

ஒருவழியாகச் சந்திரலேகா எழுந்து நடமாட ஆரம்பித்தாள். வலையை மடித்துப் பரணில் போட்டார்கள். ரம்யாவும் அதை மறந்துபோனாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். தேவிப்ரியாவுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. கண்ணைத் திறக்கவில்லை, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"டெங்குதாம்மா. பிளேட்லெட் ரொம்பக் கம்மியா இருக்குது. ராத்திரி தாண்டட்டும், பாக்கலாம்" என்றாள் நர்ஸ். மெலிந்த அந்தக் கையில் ஊசி ஏறியதை ரம்யாவால் பார்க்க முடியவில்லை.

வார்டு வாசலில் ஜெயம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். "எப்புடி வந்துச்சுன்னே தெரியலியே! காலையில போறப்பவும் சாயங்காலம் வந்தும் நாந்தானே வலையப் பாத்துப் பாத்துச் சொருவுனேன்..."

வலை என்றதும் ரம்யாவுக்கு ஆற்றாமை பீறிட்டது. "இன்னா அத்த இப்ப அழுவறீங்க? சின்ன மருமவளுக்குன்னா பஸ் ஏறிப் போயி வலை வாங்கியாந்தீங்க. எம்பொண்ணுக்கு ஒண்ணு கட்டணும்னு உங்களுக்குத் தோணுச்சா?"

ஜெயம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாடி பேசற நீ? சந்திராவுக்குத்தான் ஏற்கெனவே காய்ச்ச வந்துடுச்சே, அவளுக்கு எதுக்குடி வலை? அவளக் கடிக்கிற கொசுதான் அப்பறம் புள்ளையக் கடிச்சு ஒட்ட வைக்கும், அவள ஒரு கொசுவும் நெருங்கக் கூடாதுன்னு மலர்விழி படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு."

ரம்யா வார்டுக்குள் கிடந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த வலைய அவளுக்கா கட்டுனேன்? உம்பொண்ணுக்குத்தாண்டி கட்டுனேன்!"