இருநூறு கிராம் குறைந்த சைக்கிள்

தணிகைவேலின் மலையேறும் சைக்கிளுக்குக் கியரும் கிடையாது, குலுக்கலைத் தாங்க ஸ்பிரிங்கும் கிடையாது. ஏற்றம் வந்தால் பாதியிலேயே இறங்கி, மூச்சு வாங்கியபடி, "வண்டி ரொம்பக் கனம்" என்பார்.

முதலில் ஹேண்டில்பாரை மாற்றினார். தராசில் வைத்துப் பார்த்தபோது இருநூறு கிராம் குறைந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் நாலு பரோட்டா சாப்பிட்டார். அடுத்துப் பெடல்களை மாற்றினார். நூறு கிராம் குறைந்ததற்குப் பிரியாணி.

"என்னாலதான் வண்டி பஞ்சாட்டம் ஆயிருச்சு" என்று புது ஹேண்டில்பார் பீற்றிக்கொண்டது.

சீட்டுக்கு மட்டும் உண்மை தெரியும். ஆனாலும் வாயைத் திறக்காமல்தான் இருந்தது. ஒருநாள் ஏற்றத்தில் தாங்க முடியாமல் 'க்ரீச்' என்று முனகிவிட்டது.

"கோளாறே இந்தச் சீட்டுலதான் இருந்திருக்கு!" என்று தணிகைவேல் அன்றைக்கே அதைக் கழற்றிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்.

மறுநாள் காலை, உள்ளங்கை அகலமே இருந்த புதுச் சீட்டின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

"ஐயோ!" என்றது அது.

"சத்தம் போடாதப்பா" என்றது சுவரில் தொங்கிய பழைய சீட்டு. "உனக்கும் சேர்த்துத்தான் ரெண்டு ஆணி அடிச்சிருக்கார்."