பெட்டியின் கனம்

தேசியக்கொடி போர்த்திய சவப்பெட்டியை வாசல்படி ஏற்றும்போது, தூக்கி வந்த நாலு பட்டாளத்துக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். மாரில் அடித்துக்கொண்டு அழுத தாயாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"கட்," என்றார் இயக்குநர் சிவரஞ்சனி. பெட்டி காலி. தூக்கிய வேகத்தில் ஒரு பக்கம் தலைக்கு மேலே போய்விட்டது.

சிரிக்காதவர் வளன் ஒருவர்தான். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். நடிகர்களுக்கு நடையும் சல்யூட்டும் சொல்லிக்கொடுக்க அவரைக் காரைக்குடியிலிருந்து கண்டரமாணிக்கத்துக்கு வரவழைத்திருந்தார்கள்.

"உள்ள கனம் வையுங்கம்மா," என்றார். "தலைமாட்டுல ஒரு மண் மூட்டை, நடுவுல ஒண்ணு. கால்மாட்டுல கல்லு. கல்ல மட்டும் சாக்குல சுத்தி வைக்கணும், இல்லாட்டி உருளும்."

"எப்படி சார் இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

வளன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். கூட்டத்தோடு அழுவதற்கு உள்ளூர்ப் பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் முன்வரிசையில் செபஸ்தியம்மாள் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தார்.

செபஸ்தியம்மாளின் ஒரே மகன் ஜோசப் ராஜ், வளனோடு ஒரே கூடாரத்தில் படுத்தவன். வடக்கே எல்லையில் பனிச்சரிவு அவனைக் கொண்டுபோனது. தேடித் தேடிப் பார்த்தும் உடல் கிடைக்கவில்லை. அவன் உடுப்பையும் பூட்ஸையும் ஒரு சவப்பெட்டியில் வைத்து வளனிடம் கொடுத்தனுப்பினார்கள்.

பெற்றவள் கையில் வெறும் உடுப்பை எப்படிக் கொடுப்பது? வழியிலேயே மண்ணும் கல்லும் வைத்து ஆணி அடித்துவிட்டார் வளன். கூட வந்த இங்கிலீஷ் கடிதத்தை மாற்றிப் படித்தார். "முகம் பாக்குற மாதிரி இல்லம்மா, தொறக்க வேணாம்," என்றார். ஊரே அழுது அதை அடக்கம் செய்தது.

அதிலிருந்து வளன் கல்லறைத் திருநாள் தவறாமல் இந்த ஊருக்கு வந்துவிடுவார். மகன் கல்லறையில் செபஸ்தியம்மாள் ஒரு மெழுகுதிரி ஏற்றுவார். பிறகு கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மதில்மேல் இன்னொன்று. யாருமற்ற ஆன்மாக்களுக்காக இருக்கும் என்று வளன் நினைத்துக்கொள்வார்.

"வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போப்பா," என்பார் செபஸ்தியம்மாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா," என்பார் வளன். பொய் சொன்ன வீட்டில் சோறு இறங்குமா? கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல், வாடகை அறையில் தனியாகப் பொங்கித் தின்றே இருபத்தோரு வருஷம் ஓடிவிட்டது.

"ஆக்ஷன்."

இந்தத் தடவை பெட்டி கனத்தது. நாலு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு படியேறினார்கள். முன்பக்கம் உயர்ந்ததும் உள்ளே ஏதோ உருண்டு, 'கடக்' என்று பலகையில் முட்டியது.

சாக்குச் சுற்ற மறந்திருந்தார்கள்.

"டேக் ஓகே," என்றார் சிவரஞ்சனி. "அந்தச் சத்தத்த அப்புறம் நீக்கிடலாம்."

வளன் பைய நழுவி ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றார். அங்கேயும் செபஸ்தியம்மாள் வந்துவிட்டார். கன்னத்து ஈரம் இன்னும் காயவில்லை.

"மீன் கொழம்பு வச்சிருக்கேன். இன்னைக்காச்சும் சாப்பிட வாப்பா."

"பஸ்ஸுக்கு..." என்று ஆரம்பித்தார்.

செபஸ்தியம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கும் கல்லு உருண்டுச்சுப்பா."

வளன் கையை உருவப் பார்த்தார்; செபஸ்தியம்மாள் விடவில்லை.

"மதில்மேல ஏத்துறதுதான் எம்புள்ளைக்கு. கல்லறையில ஏத்துறது, ஒன் மனசு நோகக் கூடாதுன்னு."