ஒன்பது நாள் கறுப்புத் தண்ணீர்

கேளுங்கள் கண்ணுகளா, எண்ணூர் மெர்லினுக்கு இதழியல் படிக்க ஆசை. அவள் தேர்ந்தெடுத்த நான்கு கல்லூரிகளிலும் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வுசெய்யும் சேர்க்கை இயந்திரம் ஒன்றையே கேட்டது: ‘நேரில் கண்ட செய்தியை எழுதுக.’ தெருக்குழாயில் ஒன்பது நாளாகக் கறுப்புத் தண்ணீர் வருவதை எழுதினாள். ‘எந்த அரசுப் பதிவிலும் இல்லை, பொய்’ என்று மூன்று கல்லூரிகள் தள்ளிவிட்டன.

“மிச்சம் ஒண்ணுதான். அமைச்சர் பார்க்கு தொறந்தாரே, அத எழுதும்மா,” என்றார் அப்பா சவரிமுத்து.

“நான் அதப் பாக்கவே இல்லியேப்பா!”

“எவன் பாத்தான்? சீட்டு கெடைக்கும்ல!”

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். உடனே பதில் வந்தது: ‘நேரில் பார்த்து எழுதியதற்குப் பாராட்டுகள். இடம் உறுதி.’

குடத்தோடு குழாயடிக்குப் போனாள். பக்கத்து வீட்டு ரோசம்மா கறுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சிரித்தாள்.

“சீட்டு கெடச்சிருச்சாமே! இனி நம்ம தண்ணியப் பத்தி நீதான்டி எழுதணும்.”