கொடியில் காயும் உடுப்புகள்

குளிர்நாட்டுப் புறநகரான ஸ்டோவ்னரில் ஏழாம் மாடிக் குசினிக்குள் பனியில் பட்ட காலை வெளிச்சம் கூசுகிறது. சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த கைபேசியில் எமிலியின் மகள் யூலியா சிரிக்கிறாள். தூரத்து நாடொன்றின் எல்லைக் கிராமத்தில் அவள் போர்நிறுத்தக் கண்காணிப்பாளர். தங்கள் வெள்ளை ஜீப் வாசலில் நின்றால்தான் சனம் நித்திரை கொள்ளும் என்று முன்பு சொல்லியிருக்கிறாள். “அம்மா, வெள்ளிக்கிழமை வீட்டை வாறன். எங்கட குழுவை முழுசாத் திருப்பி எடுக்கினம்.” அவளுக்குப் பின்னால் ஜீப்புகளில் பெட்டிகள் ஏறுகின்றன. அவள் தங்கியிருக்கும் வீட்டுக்காரி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டே எமிலிக்குக் கை காட்டுகிறாள். எமிலிக்குக் கை எழவில்லை. பல வருசங்களுக்கு முன்பு, தன் ஊரில் கண்காணிப்பாளர்களின் ஜீப்புகள் புறப்பட்ட காலையில் அவளும் இப்படித்தான் கொடியடியில் நின்று கை காட்டினாள். அந்தக் கிழமையே சண்டை வெடிக்க, உடுத்த உடுப்போடு ஓடினாள். தண்ணிக் கேத்தில் கொதித்துத் தானாக நிற்கிறது. “பிள்ளை, நீங்கள் இனித் திரும்ப மாட்டியள் எண்டு அந்த மனிசிக்குத் தெரியுமோ?” யூலியாவின் சிரிப்பு நிற்கிறது. குரலைத் தாழ்த்துகிறாள். “சொல்லக்கூடாது எண்டு மேலிடத்து ஓடர், அம்மா. சனம் பயந்திடுமாம்.” வீட்டுக்காரி கூடையிலிருந்து ஒரு குழந்தையின் சட்டையை எடுத்து உதறுகிறாள். சுருக்கத்தை இழுத்துவிட்டு, நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்துக் கொழுவுகிறாள்.