பலகையில் ஒரு பெயர்

"ஆலை மேல தப்பில்லன்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் தம்பி" என்று காகிதத்தை நீட்டினார் வின். பியென்ஹோவா நகரத் தையல் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி அவர். "சட்டப்படி பிரிவுக்கு ஒருத்தருக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்திருக்கோம். பேரு அந்தச் சுவத்துப் பலகையில இருக்கு பாருங்க."

கியெம் பார்த்தான். 'முதலுதவி: துயெத்.'

"சாப்பிடும்போது ஒரு பொண்ணுக்குத் தொண்டையில சோறு அடைச்சு மூச்சு நின்னுபோச்சு. சுத்தி நாப்பது பேர். என்னண்ணே பண்ணாங்க?"

"தைலம் தேய்ச்சாங்க. வாயில எலுமிச்சம்பழம் பிழிஞ்சாங்க."

"அடைச்ச தொண்டையிலயா? முதுகுல தட்டி, வயித்தை அழுத்தி வெளிய எடுக்க ஒருத்தருக்குமா தெரியாது?"

"அதெல்லாம் துயெத்துக்குத்தான் தெரியும். பின்னால நின்னவங்க பலகையைப் பார்த்துட்டு, 'துயெத்தக் கூப்பிடு, துயெத்தக் கூப்பிடு'ன்னு கத்தினாங்க."

"அவ வந்தாளா?"

வின் காகிதத்தை மேசைமேல் வைத்து அவன் பக்கம் நகர்த்தினார்.

"சொல்லுங்கண்ணே, வந்தாளா?"

"எப்படித் தம்பி வருவாங்க?"

"ஆமா, எப்படி வருவா? தொண்டை அடைச்சுத் தரையில கிடந்து செத்ததே என் பொண்டாட்டி துயெத்தானே!"

வின் பேனாவின் மூடியைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். "உங்க கோவம் புரியுது தம்பி. நாளைக்கே பலகையில வேற பேரு எழுதிடறோம்."

"ஒரே ஒரு பேரா?"

"சட்டம் அவ்வளவுதானே கேக்குது."

கியெம் பேனாவை மேசைமேல் வைத்தான்.

"அந்தப் பேருக்குத் தொண்டை அடைச்சா யாரைக் கூப்பிடுவீங்க?"