நீலக் கட்டம் போட்ட சட்டை

வண்டி நிற்பதற்கு முன்பே ரத்தினபாய் கடைசிப் பெட்டியோடு நடக்கத் தொடங்கினாள்.

மூன்றாவது ஜன்னலில் ஜேசன் இருந்தான். பக்கத்தில் காவலர் ஏகநாதன். இருவரும் விரல் கோத்து உட்கார்ந்திருந்தார்கள், சிநேகிதர்கள்போல.

புழல் சிறையிலிருந்து செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு அவனை இந்த வண்டியில்தான் அழைத்துப் போவார்கள். தாம்பரத்தில் மூன்று நிமிடம் நிற்கும்.

புழலுக்குப் போனால் இரண்டு கம்பி வலைகளுக்கு இந்தப்பக்கம் நின்று கத்த வேண்டும். நூறு பேர் கத்துவார்கள். இங்கே கத்த வேண்டியதில்லை. இரண்டு வருடமாகத் தாயும் மகனும் பேசிக்கொண்டதெல்லாம் இந்த நடைமேடையில்தான்.

வண்டியில் ஏறக் கூடாது. ஏகநாதன் போட்ட ஒரே நிபந்தனை அது. அவள் அடுத்த வண்டியில் போவாள்.

இன்று தீர்ப்பு.

விட்டால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார் வக்கீல். விடாவிட்டால் என்ன என்பதை அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார். ஆயுள்.

இட்லிப் பொட்டலத்தைக் கம்பிக்கு இடையில் நுழைத்தாள். பிறகு செய்தித்தாளில் சுற்றிய சட்டையை.

ஏகநாதன் பேப்பரைப் பிரித்தார். முழுக்கைச் சட்டை. வெள்ளையில் நீலக் கட்டம்.

“இன்னாம்மா, கோர்ட்டுக்கு அனுப்புறியா, பொண்ணு பாக்க அனுப்புறியா?”

ஜேசன் சிரித்தான்.

ஏகநாதனும் சிரித்துக்கொண்டேதான் சோதித்தார். காலரை மடக்கிப் பார்த்தார். பைக்குள் விரல் விட்டார். தையல் ஓரமாகக் கட்டை விரலை ஓட்டிக்கொண்டு போனார். பிளேடு துண்டை அங்கேதான் ஒளித்துத் தைப்பார்கள்.

இடது கையின் நுனியில், பட்டனுக்கு மேலே, விரல் நின்றது. புளியங்கொட்டை அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை.

“இஸ்திரிக்காரன் தீச்சிட்டான் பாரு.”

“ஆமா சார்” என்றாள் ரத்தினபாய்.

அவர் ஜேசனின் விரல்களை விட்டார்.

“சீக்கிரம் மாத்து.”

ஜேசன் பழைய சட்டையைக் கழற்றினான். எதிர் இருக்கையில் இருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரத்தினபாய் திருப்பவில்லை. விலா எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

நீலக் கட்டச் சட்டையின் தோள், தோளில் நிற்காமல் கீழே சரிந்தது. கைகள் விரல்களை மூடின.

“உள்ள சோறு போடலன்னு எங்க மேல பழி வந்துடும்பா” என்றார் ஏகநாதன். “இன்னொரு ஆளு நுழையலாம் போல கீது.”

இந்த முறை ஜேசன் சிரிக்கவில்லை. சட்டையின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தான்.

“அண்ணன் வரலையாம்மா?”

“நாவலூர்ல ஷிப்டு.”

“சரி.”

நடைமேடையில் யாரோ ஓடிவந்து அடுத்த பெட்டியில் ஏறினார்கள். இட்லிப் பொட்டலம் பிரிக்கப்படாமல் ஜேசனின் மடியில் இருந்தது.

“நீ கொண்டு வரமாட்டன்னு நெனச்சேன்” என்றான்.

போன வாய்தாவில், வண்டி கிளம்பும்போது கேட்டான். அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை இன்னும் இருக்கா என்று. தீர்ப்புக்கு அதைப் போட்டுக்கொள்கிறேன் என்று. அவள் தலையை ஆட்டினாளா இல்லையா என்பது அவளுக்கே நினைவில்லை. இரண்டு வாரம் அதைப் பெட்டியிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தாள்.

வண்டி ஊதியது.

அவள் கம்பியைப் பிடித்தாள். அவன் விரல்கள் சட்டைக் கைக்குள்ளிருந்து வந்து அவள் விரல்களைத் தொட்டன. ஏகநாதன் வேறு பக்கம் பார்த்தார்.

வண்டி நகர்ந்தது.

ஜேசன் இளைத்துத்தான் இருந்தான். ஆனால் சட்டை தொளதொளத்தது அதனால் இல்லை. அது அவனுடையதில்லை.

பம்மலில் தோல் கிடங்குக்குப் பின்னால் ஒருவன் குத்துப்பட்டுச் செத்த சாயங்காலம், பெரியவன் அருண்ராஜ் அந்தச் சட்டையோடுதான் வீட்டுக்கு ஓடிவந்தான். நாவலூர் கம்பெனியிலிருந்து அவனுக்கு வேலை உத்தரவு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஜேசன் லேத் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தான்.

ரத்தினபாய் சட்டையில் உப்பைக் கொட்டிக் கசக்கினாள். வாசலில் போலீஸ் வந்து, எவன்டா அது என்று கேட்டபோது, ஜேசன் எழுந்து நான்தான் என்றான். கொல்லைக் குழாயடியில் அவளுக்கு அது கேட்டது.

அவள் கை நிற்கவில்லை.

அந்தக் கறை மட்டும் போகவில்லை.

இன்று நீதிபதிக்கு முன்னால் அவன் அந்தக் கையை நீட்டிக் கறையைக் காட்டுவான் என்று அவள் நினைத்தாள். நீட்டட்டும் என்று நினைத்தாளா, நீட்டக் கூடாது என்று நினைத்தாளா, தெரியாது. காலையில் அவளேதான் இஸ்திரி போட்டாள். கறையின் மேல் ஒரு தரம் கூடுதலாக.

வண்டியோடு நடந்தாள்.

ஜன்னலில் ஜேசன் தலை குனிந்து சட்டையின் இடது கையை மடித்துக்கொண்டிருந்தான். ஒரு மடிப்பு. கறை உள்ளே போயிற்று. அதன் மேல் இன்னொரு மடிப்பு.

நடைமேடை முடிந்தது.

அவன் வலது கையை ஏகநாதனிடம் நீட்டியிருந்தான். அவர் அதை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.